காசு கொடுத்து ரொட்டி தின்பவர்கள்

மருதானையில் ஒரு கடை வாசலில் நானும் மச்சானும் நின்றிருந்தோம். கடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு இரும்புக் கல். அதன் பின்னால் பனியன் போட்ட ஒரு ஆள். அவன் இரண்டு கையிலும் இரண்டு தகடு. கல்லின் மேல் கிடந்த ரொட்டியை அந்தத் தகடுகளால் டக் டக்கென்று கொத்திக்கொண்டிருந்தான். காது அடைத்துப்போனது.

“என்ன மச்சான் கூத்து இது?”

“கொத்து ரொட்டியாம் மாப்ள. ரொட்டிய முட்டை, வெங்காயம், எறைச்சியோட போட்டுக் கொத்திக் குடுக்குறாங்க.”

“ஏன், கொழும்புக்காரங்களுக்குப் பல்லு இல்லையாக்கும்?”

மச்சான் கல்லைச் சுற்றி நின்ற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டை கட்டிய ஒருவர், குடையோடு இரண்டு பெண்கள், காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்த ஒரு குடும்பம். எல்லாரும் ரொட்டிக்காகக் காத்து நின்றார்கள். அதுவும் காசைக் கையில் பிடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தேன்.

போன வாரம் என் முதல் பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் கொழும்பில் இரண்டு நாள் தின்று திரிந்த கதை. கொழும்புச் சாப்பாட்டைப் புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே ராசிபலன் இருக்கும்.

பங்களா அப்பு

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர் சவரிமுத்து. டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நிர்வாகம் பார்க்கும் துரையின் பங்களாவில் சமையல் பார்த்தவர். அந்த வேலையில் இருப்பவரைத் தோட்டத்தில் ‘அப்பு’ என்பார்கள். சூப், ரோஸ்ட், கட்லட், கேரமல் புட்டிங் என்று மச்சானுக்குத் தெரியாத வெள்ளைக்காரச் சாப்பாடு இல்லை. அதில் ஒன்றையாவது தன் வீட்டுத் தட்டில் வைத்துத் தின்றதுமில்லை.

அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டினார். அடுத்தடுத்து உள்ளூர்த் துரைமார் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் தன் ஊரிலிருந்தே சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதோடு மச்சானின் அடுப்பு அணைந்தது. பங்களாவுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த சின்ன வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மச்சானுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய துரைக்குத் தெரிந்த ஒரு கொழும்புக் குடும்பம் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தது. படுக்க இடம் தருவார்களாம். ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது. மச்சானுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் நாலாம் வகுப்பு, சின்னவள் அப்போதுதான் பேசப் பழகியிருந்தாள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து டவுனான ஹட்டனின் பஜாரில் கடை போடத் தோதாக ஒரு அறை காலியாக இருந்தது. கட்டடத்துக்கு உரிமையான முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அரசாங்கச் சம்பளக்காரர் யாராவது பொறுப்புக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி தருவேன் என்றார். மாத முடிவுக்குள் முடிவு சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பெருமை என் தலையில் எவ்வளவு கனமாக ஏறியிருந்தது என்பதைப் போகப்போகப் பார்ப்பீர்கள்.

சாப்பாட்டுக் கடை போடுவதென்று மச்சான் தீர்மானித்துவிட்டார். என்ன சாப்பாடு என்பதுதான் கேள்வி. ஹட்டனில் சோற்றுக் கடையும் இருந்தது, தோசைக் கடையும் இருந்தது. பஜாரில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தால்தான் பிழைக்கலாம்.

“ரெண்டு பேரும் கொழும்புக்குப் போயி நாலு எடத்துல தின்னு பாத்துட்டு வாங்க,” என்றாள் அக்கா. “நீயும் கூடப் போ தம்பி. அவருக்கு யார்கிட்டயும் வாயத் தொறந்து கேக்கத் தெரியாது.”

கடை விஷயம் வெளியே தெரியாமல் இருக்க, அக்கம்பக்கத்தில் கொழும்புக் கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவைத்தோம். அந்தோனியாரையும் பார்க்கத்தான் செய்தோம், பொய்யில்லை.

தலைநகரத்தின் தட்டுகள்

கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் தேத்தண்ணி குடித்தோம். தேயிலை விளையும் ஊரிலிருந்து போனவனுக்கு வெந்நீரில் டின் பாலைக் கரைத்து நீட்டினார்கள். சாயம் எங்கே என்று கேட்டேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி டின் பாலை ஊற்றினான்.

புறக்கோட்டையில் ஒரு சைவக் கடை. தோசையை நடுவில் பிய்த்தால் மாவு பசையாக வந்தது. மேசையைத் துடைத்த துணியை என் வீட்டில் அடுப்புக்கரி துடைக்கக்கூட வைத்துக்கொள்ளமாட்டேன். பரிமாறியவர் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, “தோட்டப் பக்கமோ?” என்றார்.

“ஆமா. நீங்க காலையில எந்திரிச்சதும் குடிக்கிறீங்களே, அது வர்ற பக்கம்.”

அவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எங்களுக்கு இரண்டாவது கரண்டி கிடைக்கவில்லை.

அடுத்தது ஒரு பேக்கரி. கேட்காமலே ஒரு பெரிய தட்டில் ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட் என்று பத்துப் பன்னிரண்டு வைத்துவிட்டுப் போனான். தின்றதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதுமாம். மீதியை அப்படியே அடுத்த மேசைக்கு எடுத்துப்போவார்கள். நமக்கு முன்னால் எத்தனை பேர் அழுத்திப் பார்த்துவிட்டு வைத்த கட்லட்டோ என்று யோசித்தபடியே ஒன்றைக் கடித்தேன். மச்சான் ஒன்றை இரண்டாகப் பிட்டு மோந்து பார்த்தார்.

“நேத்துப் பொரிச்சது. இன்னைக்கு மறுபடியும் எண்ணெயில போட்டுருக்காங்க,” என்றார் மெதுவாக. பிறகு அதைத் தின்றும் முடித்தார். சாப்பாட்டை வீணாக்க அவருக்கு மனம் வராது.

புரியாணிக் கடையில் சோற்றுக்குள் புதைத்துவைத்த கோழியைக் கண்டுபிடிக்க ஒரு கங்காணியைத்தான் வைக்கவேண்டும். சீனக் கடையில் நேற்றைய சோற்றை வெங்காயத்தாளோடு வறுத்து, அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்து, சிவப்பு விளக்கின் கீழே கொண்டுவந்தார்கள். விளக்கு அவ்வளவு மங்கலாக ஏன் என்று தின்றபோது புரிந்தது. மச்சான் மட்டும் எழுந்து போய் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

“நெருப்பப் பாத்தியா மாப்ள? ஆள் ஒசரத்துக்கு எந்திரிக்குது. நம்ம ஈர விறகுக்கு அது வராது.”

சாயந்தரம் காலிமுகத் திடலில் இஸ்ஸோ வடை. பருப்பு வடையின் மேல் முழு இறாலை மீசையோடு ஒட்டிப் பொரித்திருந்தார்கள். கடித்தால் பாதி வடை, பாதி கடற்கரை மணல். மச்சானுக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

“இதுக்குக் கடல் வேணும். ஹட்டன்ல மழதான் இருக்கு.”

ஒவ்வொரு கடையிலிருந்தும் வெளியே வந்ததும் நான் அதைக் கிழித்துத் தொங்கவிட்டேன். மச்சான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். ஒரு தடவை மட்டும் சொன்னார்: “நீ தட்டையே பாக்குற மாப்ள. நான் திங்கிறவங்க மொகத்தப் பாக்குறேன்.”

அவர் சமையல்காரர். எதையும் சமையல்காரரின் கண்ணால்தான் பார்ப்பார் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ரொட்டி எனக்கு என்ன செய்தது

கொத்து ரொட்டிக்குத் திரும்பும் முன் ரொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். தடிமனாகத் தட்டி, கல்லில் போட்டு எடுத்தால் ரொட்டி. தொட்டுக்கொள்ள, மிளகாயை இடித்த கொச்சிக்காய்ச் சம்பல். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான். தேயிலைக் கொழுந்து நல்லபடியாகக் கிடைத்த மாதத்தில் சம்பலில் தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடும்.

ஹட்டனில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அக்கா விடியுமுன் எழுந்து எனக்கு ரொட்டி சுட்டுக் கடதாசியில் சுற்றித் தருவாள். பஜார்ப் பிள்ளைகள் பேக்கரிப் பாணும் பட்டரும் கொண்டுவருவார்கள். நான் கக்கூசுக்குப் பின்னால் நின்று தின்பேன். ஒரு நாள் ஒருவன் என்னைத் தேடி வந்து பார்த்துவிட்டான். அந்த வருஷம் முழுவதும் வகுப்பில் எனக்கு ‘ரொட்டி’ என்றுதான் பெயர்.

பிறகு எழுபதுகளில் பஞ்சம் வந்தது. அரிசி கிடைக்கவில்லை, கடைசியில் மாவும் கிடைக்கவில்லை. அப்போது நான் வாத்தியாராகிவிட்டேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை அரை ரொட்டியைத் தின்னாமல் தம்பிக்கென்று பையில் வைத்திருந்தாள். அது அட்டையாகக் காய்ந்துபோயிருந்தது. தின்னு என்றால் மாட்டேன் என்று அழுதாள்.

ரொட்டியைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து என் வீட்டில் ரொட்டி சுடவிட்டதில்லை. அப்படிப்பட்ட ஒருவனைத்தான் அக்கா மச்சானோடு அனுப்பிவைத்திருந்தாள்.

கொத்மலைக்காரர்

மருதானைக்கு வருவோம். இரண்டாம் நாள் மத்தியானம் அது. என் சிரிப்பைக் கேட்டுத் தகடு பிடித்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணனுக்கு எந்தப் பக்கம்?” என்று மச்சானிடம் கேட்டார். பேச்சைக் கேட்டதுமே எங்கள் ஆள் என்று தெரிந்தது.

“டிக்கோயா. நீங்க?”

“கொத்மலைங்க. பேரு ராமையா. இங்க வந்து நாலு வருசம் ஆச்சு.”

மச்சான் ஒரு பிளேட் வாங்கினார். ஓரமாக நின்று ஒவ்வொரு வாயாக மென்று தின்றார். இரண்டு நாளில் அவர் கண்ணை மூடித் தின்ற ஒரே சாப்பாடு அதுதான். என்னிடமும் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொழும்பில் எல்லாவற்றையும் தின்றுவிட்டுத்தான் பழித்தேன். இதை மட்டும் தின்னாமலே பழித்தேன்.

“எங்க லயத்துக்கு வந்து பாருங்க,” என்றேன் ராமையாவிடம். “எல்லா அடுப்புலயும் இதுதான் கெடக்கு. அதுக்குப் பேரு சாப்பாடு இல்ல, நம்ம தலையெழுத்து. அதப் போயி வெக்கமில்லாமக் கொத்தி விக்கிறீங்களே.”

ராமையாவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ரொட்டியைக் கல்லில் விரித்தார்.

“அங்க வேற வழியில்லாமத் திங்கிறோம் சார். இங்க ஆசப்பட்டு வாங்குறாங்க. மாவு ஒண்ணுதான்.”

பிறகு மச்சானிடம் திரும்பினார். “கடை போடுற எண்ணம் இருந்தா ரெண்டு நாள் தங்குங்கண்ணே, கையப் புடிச்சிக் கத்துக் குடுத்துர்றேன். ஒரு கல்லு, ரெண்டு தகடு. மாவு பெசையணும். அது நமக்குப் பொறந்ததுலருந்து தெரியுந்தானே?”

மச்சான் சிரித்தார். வேலை போன பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். ராமையாவின் விலாசத்தை ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கையெழுத்து

மறுநாள் காலை ரயிலில் திரும்பினோம். கம்பளை தாண்டும் வரை மச்சான் ராமையாவின் அட்டையை எடுத்துப் பார்ப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தார். நாவலப்பிட்டியில் ரயில் நின்றபோது சொன்னார்.

“கொத்து ரொட்டிதான் மாப்ள. ஹட்டன்ல யாரும் போடல. குளிருக்குச் சூடாத் தின்னலாம். சத்தத்துக்கே ஆளு வரும்.”

நான் இரண்டு நாளாகத் தீட்டிவைத்திருந்த நாக்கை முழுவதுமாக நீட்டினேன்.

“துரைமாருக்கு ரோஸ்ட் போட்டுக் குடுத்த கை மச்சான் இது. அதால ரொட்டி கொத்தப் போறீங்களா? அதுவும் ஹட்டன்ல? அங்க யாரு திங்க வருவா? தோட்டத்தான் வரணும். வீட்டுல திங்கிற ரொட்டியத் திங்க அவன் பஸ் ஏறி பஜாருக்கு வருவானா? காசு குடுத்து ரொட்டி திங்கிற பைத்தியக்காரன் நம்ம ஊர்ல ஒருத்தன் இருக்கானா?”

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப கையெழுத்து?” என்று கேட்டார்.

“ரொட்டிக் கடைக்கு நான் போடமாட்டேன் மச்சான். வேற ஏதாவது யோசிங்க.”

“சரி மாப்ள.”

அவ்வளவுதான். அவர் கெஞ்சவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. தோட்டத்தான் ரொட்டி தின்ன வருவானா என்று நான் கேட்டது பாதிதான் உண்மை. மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன். ‘ரொட்டிக் கடை வாத்தியார்’ என்று மற்ற வாத்திமார் சிரிப்பார்களே என்று பயந்தேன். கக்கூசுக்குப் பின்னால் நின்ற பையனுக்கு மறுபடியும் அந்தப் பெயர் வரக்கூடாது என்று பார்த்தேன். என் மானத்தை நான் காப்பாற்றிக்கொண்டேன். செலவு மச்சானுடையது.

வீட்டில் அக்கா கேட்டபோது, “ஒண்ணும் சரியா அமையல புள்ள,” என்று மட்டும் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மாத முடிவு வந்தது, போனது. வேறு ஏதாவது யோசிக்கச் சொன்ன நானும் ஒன்றையும் யோசிக்கவில்லை. கத்திகளைச் சாக்கில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு மச்சான் கொழும்பு ரயில் ஏறினார். அக்காவும் பிள்ளைகளும் என் குவாட்டர்ஸுக்கு வந்தார்கள்.

போவதற்கு முன் ஒரு போஸ்ட்கார்டு எழுதிப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். ராமையாவுக்கு. ஹட்டனில் அறை காலியாக இருக்கிறது, எனக்குத் தோது இல்லை, நீங்களாவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

சம்பளச் சனிக்கிழமை

அடுத்த தைப்பொங்கலுக்குள் ராமையா வந்துவிட்டார். அவருக்குக் கையெழுத்துப் போட அவருடைய ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தார். டக் டக் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

சம்பளம் போட்ட சனிக்கிழமை அந்தப் பக்கமாகப் போனேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அத்தனையும் எங்கள் ஆட்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சீலையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். நான் பிறந்த லயத்துக்குப் பக்கத்து லயத்து ஆட்கள்கூட நின்றார்கள். “முட்ட போடவா, எறைச்சி போடவா? ஒறப்பு கூடவா, கொறைச்சா?” என்று ராமையா ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க ரொட்டி தின்றவர்களிடம் அதை எப்படி வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. படித்த முட்டாளான எனக்கு அது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அடுத்த பக்க நடைபாதைக்கு மாறி நடந்தேன். பல வருஷம் அப்படித்தான் மாறி நடந்தேன்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது ராமையாவால்தான். பஜாரில் பார்த்தபோது அந்த மனிதர் வெள்ளை மனதோடு சொல்லியிருக்கிறார்: “அண்ணன்தாங்க இந்தக் கடைய போடுறதா இருந்துச்சு. சாருக்குப் புடிக்கல போல.” அக்கா வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போலச் சோறு போட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு தடவை கொழும்பில் மச்சானைப் போய்ப் பார்த்தேன். கார் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு தடுப்பு, அதில் ஒரு கட்டில். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பல் இல்லை, தினமும் சூப். “நல்லா வச்சிருக்காங்க மாப்ள,” என்றார்.

வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்கு வருவார். சின்னவளுக்குச் செருப்பு வேண்டுமென்றால் என்னிடம் கேட்பாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் என் சட்டையைத்தான் பிடித்து இழுப்பாள். மச்சான் அதைப் பார்க்காததுபோல ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்.

ஒரு டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் சாயந்தரம், மச்சான் பஜாருக்குப் போய் நாலு பார்சலோடு வந்தார். ராமையா காசு வாங்க மறுத்துவிட்டாராம். வாழையிலையைப் பிரித்ததும் அறை முழுக்க வாசனை. எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அக்கா ஒரு தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டாள்.

ஒரு வாய் வைத்தேன். முட்டையும் வெங்காயமும் கறிவேப்பிலையும் சூட்டோடு சேர்ந்து, ஓரமெல்லாம் லேசாகக் கருகி, தின்னத் தின்ன இன்னும் கேட்டது. தட்டில் பாதி போன பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஒரு சமையல்காரர் எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டார்.

“எப்புடி இருக்கு மாப்ள?”

அக்கா சின்னவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிறாத தம்பி.”